சூளைக்கும் பொறுமை வேண்டும், கொதிகலனுக்கும் வேண்டும்!

விருத்தாசலம் என்றதும் பெரியவர்களுக்குப் பழமலைநாதர் கோவில் நினைவுக்கு வரும். குழந்தைகளுக்குப் பீங்கான் பொம்மை நினைவுக்கு வரும். பொம்மை, அகல் விளக்கு, மின்சார ஃபியூஸ் கட்டை எல்லாம் இந்த ஊர்ச் சூளைகளில் வேகின்றன.

சூளையில் நெருப்பு அணைந்த பிறகுதான் பெரிய சோதனை. அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் "டிக், டிக்" என்று சத்தம் கேட்கும். சாமான்கள் விரிசல் விடும் சத்தம் அது. பல நாள் உழைப்பு பாழ்!

ஏன் இப்படி?

சூடானால் பொருள் விரியும், ஆறினால் சுருங்கும். குளிர்ந்த காற்று பட்டதும் பாண்டத்தின் மேற்புறம் சுருங்கப் பார்க்கிறது. உட்புறமோ இன்னும் சூடாக இருக்கிறது. விட்டுக் கொடுக்க மறுக்கிறது. இந்த இழுபறியில் மேற்புறம் கிழிந்து விடுகிறது. போதாக்குறைக்கு, மண்ணோடு கலந்த வெங்கச்சங்கல் மாவு 573 டிகிரி சென்டிகிரேடில் திடீரென்று சுருங்கும். அந்தக் கட்டத்தில் சூளையை மிக மெதுவாகத்தான் ஆற விட வேண்டும்.

அருகிலுள்ள நெய்வேலி அனல் மின் நிலையக் கொதிகலன்களிலும் இதே இழுபறி உண்டு. அங்கே கதை தலைகீழ். கனத்த இரும்புச் சுவரின் உட்புறம் முதலில் சூடேறி விரிகிறது. குளிர்ந்த வெளிப்புறம் இழுபடுகிறது. அத்துடன் நீராவியின் அழுத்தமும் சேர்ந்து கொள்கிறது. அதனால் கொதிகலனையும் படிப்படியாகத்தான் சூடாக்குகிறார்கள்.

அழுத்தம் என்றால் எவ்வளவு? தாய்மார்களே, உங்கள் வீட்டுக் குக்கரைப் பாருங்கள். மூடியின் குறுக்களவு 20 சென்டிமீட்டர் என்று வைத்துக் கொள்வோம். விசில் வரும் நேரத்தில் நீராவி அதைச் சுமார் 300 கிலோ பலத்துடன் மேலே தள்ளுகிறது! மூன்று பெரிய நெல் மூட்டைகளின் பாரம். அதனால்தான் பாதுகாப்பு வால்வை ஆணி வைத்து அடைக்கக் கூடாது என்கிறார்கள்.

உயிர் குடித்த கொதிகலன்

1863-ல் கல்கத்தாவில் ஒரு கொதிகலன் வெடித்துப் பலர் மாண்டனர். மறு ஆண்டே வங்காளத்தில் கொதிகலன் சோதனைக்குச் சட்டம் வந்தது. நாடு முழுவதற்குமான சட்டம் 1923-ல் வந்தது.

இப்போது கொதிகலனைச் செய்வதற்கு முன்பே கம்ப்யூட்டரில் "வெடிக்குமா?" என்று பார்த்து விடலாம். படத்தில் கலத்தைப் பல்லாயிரம் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்துத் துண்டிலிருந்து எவ்வளவு சூடு வருகிறது என்று முதலில் கணக்கு. அந்தச் சூட்டில் எவ்வளவு விரியும், எவ்வளவு இழுபடும் என்று அடுத்த கணக்கு. இந்த முறைக்கு 1960-ல் பெயர் சூட்டியவர் ரே கிளஃப் என்ற அமெரிக்கப் பேராசிரியர். பெரும்பாலும் குழாய் வந்து சேரும் துளையின் ஓரம்தான் படத்தில் சிவப்பாகத் தெரியும். அங்கே இரும்பைத் தடிப்பாக்குவார்கள்.

கணக்குச் சரியாக வந்தாலும் கலத்தை அப்படியே நம்பி விடுவதில்லை. உள்ளே தண்ணீரை நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைவிட அதிகமாக ஏற்றிச் சோதிக்கிறார்கள். நீராவியை ஏற்றினால் என்ன என்று கேட்கலாம். இணைப்பு விட்டுப் போனால் தண்ணீர் கசியும், அவ்வளவுதான். நீராவியோ சுவரையே பிய்த்துக் கொண்டு போகும்.