நிற்காமல் ஓடும் குளிர்சாதனப் பெட்டியும் உங்கள் இன்சுலினும்

சென்ற கோடையில் எங்கள் நீரிழிவுப் பிரிவுக்கு, அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் தம் மகனுடன் வந்திருந்தார். பல ஆண்டுகளாகக் காலையும் மாலையும் கலப்பு இன்சுலின் போட்டு வருபவர். உணவில் குறை சொல்ல இடமில்லை. ஊசி போடும் முறையும் சரியாகவே இருந்தது. ஆயினும் மூன்று வாரங்களாக வெறும் வயிற்றுச் சர்க்கரை 250-க்குக் கீழே இறங்கவில்லை. "அளவைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்துடுங்க டாக்டர்" என்றார் மகன்.

கூட்டுவதற்கு முன், அவர்கள் கொண்டுவந்திருந்த மருந்துக் குப்பியை வாங்கி உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிப் பார்த்தோம். பாலைப் போல ஒரே சீராக இருக்க வேண்டிய மருந்தில் சிறு வெண்திரள்கள் மிதந்தன. கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய வெண்படலம் ஒட்டியிருந்தது. உறைந்து பின் உருகிய இன்சுலினில் காணப்படும் அடையாளங்கள் இவை. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி எப்படி இருக்கிறது என்று வினவினோம். "ஃப்ரிட்ஜா? அது நல்லாத்தான் ஓடுதுங்க. ராத்திரி பகலா நிக்கிறதே இல்ல" என்றார் அம்மையார்.

நிற்காமல் ஓடியதுதான் கோளாறு. பெட்டியின் தெர்மோஸ்டாட் பழுதாகியிருந்தது.

அன்று குப்பியைப் பார்க்காமல் அளவை மட்டும் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். வீரியம் குன்றிய மருந்துக்கேற்ப அளவு ஏறியிருக்கும். அடுத்த மாதம் புதிய, நல்ல குப்பி வாங்கி அதே கூடுதல் அளவைப் போட்டுக்கொண்டால், சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து, உறக்கத்திலேயே மயக்கம் வர இடமுண்டு. ஆகவே, காரணம் தெரியாமல் சர்க்கரை ஏறும்போது மருந்தின் அளவை ஐயுறுவதற்கு முன் மருந்து இருந்த இடத்தை ஐயுறுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

தெர்மோஸ்டாட் என்பது பெட்டிக்குள் எண்கள் பொறித்த திருகுக்குப் பின்னால் இருக்கும் சிறு கருவி. அதிலிருந்து மெல்லிய உலோகக் குழாய் ஒன்று குளிரூட்டும் பகுதி வரை செல்லும். குழாய்க்குள் அடைபட்ட வாயு குளிர்ந்தால் சுருங்கும், வெப்பமடைந்தால் விரியும். அந்த அசைவே ஒரு சுவிட்சை இயக்கிக் கம்ப்ரஸரை ஓடவும் நிற்கவும் செய்கிறது. அவ்வப்போது கேட்கும் 'டக்' என்ற ஓசை அதுதான். திருகிலுள்ள 1, 2, 3 என்ற எண்களைப் பலர் டிகிரி என்று கருதுகின்றனர். அவை டிகிரி அல்ல. பொதுவாக எண் கூடக் கூடக் குளிர் கூடும், அவ்வளவே. சித்திரை வெயிலில் 6-க்குத் திருப்பிவிட்டு ஐப்பசி மழையிலும் அப்படியே விட்டுவிடும் வீடுகள் பல. அங்கே பழுதானது கருவி அன்று, நம் நினைவு!

உண்மையான பழுது இரண்டு விதமாக வரும். சுவிட்சின் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலோ, உலோகக் குழாய் தன் இடத்திலிருந்து விலகிவிட்டாலோ, கம்ப்ரஸர் நிற்பதை மறந்துவிடும். தண்ணீர்ப் புட்டியில் பனிக்கட்டி மிதக்கும்; கொத்தமல்லித் தழை கண்ணாடி போலாகித் துவண்டுவிடும்; தயிரின் ஓரம் உறையும். இன்சுலினைப் பொறுத்தவரை இதுவே கொடிய பழுது. மாறாக, குழாயிலுள்ள வாயு கசிந்துவிட்டால் உள்ளே விளக்கு எரியும், ஆனால் கம்ப்ரஸர் ஓடாது. பால் திரியும், முந்தைய நாள் அரைத்த இட்லி மாவு காலைக்குள் பொங்கிப் புளித்துவிடும். இதை எவரும் உடனே கவனித்துவிடுவர். அதிகக் குளிரையோ, 'நன்றாகக் குளிர்கிறது' என்று பாராட்டிக்கொண்டே பல வாரம் கழித்துவிடுகிறோம்.

ஐயத்தைத் தீர்க்க ஒரு வெப்பமானி போதும். ஆனால் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. அது உடல் வெப்பத்தின் அளவுகளை மட்டுமே காட்டும். குளிர்சாதனப் பெட்டிக்கென்றே விற்கும் வெப்பமானியை வாங்கி, ஒரு குவளைத் தண்ணீரில் இட்டு, நீங்கள் இன்சுலின் வைக்கும் தட்டிலேயே இரவு முழுதும் வைத்திருங்கள். காலையில் கதவைத் திறந்த உடனே பாருங்கள். 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரை காட்டினால் நன்று. இரண்டுக்குக் கீழே இருந்தால் திருகை ஓர் எண் குறைத்து மறுநாளும் பாருங்கள். மிகக் குறைந்த எண்ணில் வைத்தும் கம்ப்ரஸர் ஓய்வின்றி ஓடி, குவளைத் தண்ணீர் உறையத் தொடங்கினால், தெர்மோஸ்டாட்டின் மீது ஐயம் கொள்ளலாம். முன்பக்கம் ஒளிரும் எண்களைக் காட்டும் புதிய பெட்டிகளிலும் இச்சோதனையைச் செய்யுங்கள். பல பெட்டிகளில் அந்த எண் நாம் கேட்ட குளிரைக் குறிக்கிறதே தவிர, உள்ளே உள்ள குளிரை அன்று.

கம்ப்ரஸர் ஓயாமல் ஓடியும் பெட்டி குளிரவில்லையா? அப்போது தெர்மோஸ்டாட்டைக் குறை கூற வேண்டாம். கதவின் ரப்பர் பட்டை தளர்ந்திருக்கலாம்: ஒரு தாளை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தால் தடையின்றி வரக்கூடாது. பின்புறக் கம்பிச் சட்டத்தில் தூசி படிந்திருக்கலாம். பெட்டி சுவரை ஒட்டி நிற்கலாம். குளிரூட்டும் வாயு குறைந்திருக்கலாம். கம்ப்ரஸர் ஓடவே இல்லையென்றால் முதலில் மின்சாரத்தையும் ஸ்டெபிலைசரையும் பாருங்கள். ஒற்றைக் கதவுப் பெட்டிகள் பலவற்றில் திருகின் நடுவே பனி நீக்கும் பொத்தான் இருக்கும். யாரோ அழுத்திவிட்டு, அது மேலே எழாமல் சிக்கிக்கொண்டாலும் பெட்டி ஓடாது. பழுது பார்ப்பவரை அழைக்கும் செலவை இந்த ஒரு பொத்தான் பல வீடுகளில் மிச்சப்படுத்தும்.

இதற்கு மேல் வீட்டில் செய்யத்தக்கது எதுவும் இல்லை. தெர்மோஸ்டாட்டின் முனைகளில் வீட்டு மின்சாரம் நேராகப் பாய்வதால் அதைக் கழற்ற முயலாதீர்கள். மெக்கானிக் வந்து, உதிரிபாகம் கிடைக்கும் வரை என்று சொல்லி, தெர்மோஸ்டாட்டைத் தவிர்த்து இணைப்பை 'டைரக்ட்' செய்துவிட்டுப் போவதும் உண்டு. குடும்பத்தினர் இதற்கு இசையக் கூடாது. அப்பெட்டியை நிறுத்த வழியே இராது. அதில் வைக்கும் இன்சுலின் உறையும். வீட்டில் ஊசி மருந்து இருப்பதை மெக்கானிக்கிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பெட்டி பழுதாகியிருக்கும் நாட்களில் மருந்தை என்ன செய்வது? பயன்பாட்டில் உள்ள குப்பியையோ பேனாவையோ குளிர்சாதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்பதில்லை. வெயில் படாத, 25 முதல் 30 டிகிரிக்கு மிகாத இடத்தில் பெரும்பாலான வகைகள் ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும். உங்கள் மருந்துக்குரிய நாள் கணக்கும் வெப்ப அளவும் அதன் உறையினுள் உள்ள தாளில் இருக்கும். அறையே கொதிக்கும் நாட்களில், மண்பானையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, நீர் புகாத மூடியுள்ள சிறு டப்பாவில் மருந்தை இட்டு மிதக்க விட்டால், அறையை விடக் குளிர்ச்சியாக இருக்கும். திறக்காத குப்பிகளை, பெட்டி நன்றாக உள்ள உறவினர் அல்லது அண்டை வீட்டாரிடம் ஒப்படையுங்கள். அங்கும் ஃப்ரீசருக்கு நேர் கீழேயுள்ள தட்டும், பின்சுவரை ஒட்டிய இடமும் வேண்டாம். ஒரு டப்பாவில் இட்டு நடுத்தட்டின் முன்புறம் வைக்கச் சொல்லுங்கள்.

ஒரு முறை உறைந்த இன்சுலின், உருகிய பின் பார்வைக்குத் தெளிவாகவே இருந்தாலும், பயன்படாது. விலையை எண்ணி மனம் வராதுதான். எனினும் எறிந்தே ஆக வேண்டும். அதற்காக ஊசியை நிறுத்தவும் கூடாது. முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைகளுக்கு ஒரு வேளை தவறுவதும் ஆபத்து. புதிய குப்பியை அன்றே வாங்கி, மருத்துவர் முன்பு குறித்துக் கொடுத்த அளவையே போடுங்கள். ஓரிரு நாட்களுக்குச் சர்க்கரையை வழக்கத்தை விட அடிக்கடி சோதியுங்கள். கெட்டுப்போன மருந்தைப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் அளவு கூட்டப்பட்டிருந்தால், புதிய குப்பியைத் திறக்கும் முன் உங்கள் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். உயர்ந்த சர்க்கரையுடன் வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு, அரைத் தூக்கம் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் வீட்டில் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.

அம்மையாருக்கு நாங்கள் அளவைக் கூட்டவில்லை. புதிய குப்பி, பழைய அளவு, பக்கத்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி. ஒரு வாரம் கழித்து மகன் மட்டும் வந்தார். வெறும் வயிற்றுச் சர்க்கரை 130-ஐ ஒட்டி இருந்தது. தெர்மோஸ்டாட்டை மாற்றியாயிற்று என்றும், 'இப்ப அடிக்கடி நின்னு போகுதே' என்று அம்மா கவலைப்படுகிறார் என்றும் சொல்லிச் சிரித்தார்.