சுவருக்குள் போன ஓரடி

எங்கள் வீட்டுச் சமையல் மேடைக்கு அடியில் நான்கு கதவுகள் உண்டு. ப்ளைவுட் வாங்கிய அன்று பலகையின் முகத்தில் ஐஎஸ்ஐ முத்திரை பளிச்சென்று இருந்தது. இரண்டாவது ஐப்பசி மழைக்குள் கதவுகளின் அடியோரம் உப்பிக்கொண்டது. மைக்கா ஒரு பக்கம் கழன்று நிற்க, உள்ளே பலகை நனைந்த நோட்டுப் புத்தகம் போல ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. பார்க்க வந்த ஆசாரி கதவைத் தொடவே இல்லை. "மிச்சத் துண்டு ஏதாவது கிடக்குதா சார்?" என்று கேட்டார். பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முத்திரை இருக்குது, நம்பர் எங்க?" என்றார்.

அந்த நம்பர்தான் விஷயம். உண்மையான முத்திரைக்கு மேலே எந்தத் தரநிலை என்று ஓர் எண் இருக்கும். கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். இந்திய தர நிர்ணய அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் உரிம எண்ணைத் தட்டினால் அது எந்தத் தொழிற்சாலையுடையது, உரிமம் உயிரோடு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். என் பலகையில் முத்திரையின் படம் மட்டும் இருந்தது. படத்தை அச்சடிக்க ரப்பர் ஸ்டாம்பு போதும்.

கடைக்காரர்கள் 'செவன் டென்' என்று சொல்வது ஐஎஸ் 710, அதாவது மெரைன் ப்ளை. அதன் மாதிரித் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் பசை விடக்கூடாது. ஐஎஸ் 303-இல் கொதிநீர் தாங்கும் வகைக்கு 8 மணி நேரம். அதே தரநிலையில் வெறும் ஈரம் தாங்கும் வகைக்கு 60 டிகிரி வெந்நீரில் 3 மணி நேரம், அவ்வளவுதான். மூன்றுக்கும் வித்தியாசம் மரத்தில் இருப்பதைவிடப் பசையில்தான் அதிகம். யூரியா பசை மலிவு, தண்ணீர் பட்டால் கைவிட்டுவிடும். பீனால் பசை விலை கூடியது, ஓரத்தில் கருஞ்சிவப்புக் கோடாகத் தெரியும். ஆனால் கோடு தெரிவதற்காகவே சாயம் கலப்பவர்களும் உண்டு என்று ஆசாரி சொன்னார். நம் ஊர்க் கடைகளுக்குப் பலகை வரும் ஊர்களில் பெரும்பாவூரும் யமுனாநகரும் பேர்போனவை. பெரும்பாவூரின் மூலப்பொருள் பெரும்பாலும் ரப்பர் மரம். மருந்தேற்றாத ரப்பர் மரம் என்றால் பூச்சிக்குப் பொங்கல்.

ப்ளைவுட்டுக்கும் ஃப்ளஷ் கதவுக்கும் இந்த முத்திரை நெடுங்காலம் விருப்பப்பட்டவர் வாங்கிக்கொள்ளும் ஒன்றாகவே இருந்தது. 2025 பிப்ரவரியில் மத்திய அரசின் தரக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்து அதைக் கட்டாயமாக்கியது. சிறு தொழிற்சாலைகளுக்கு மட்டும் சில மாதம் கூடுதல் அவகாசம் கிடைத்தது. மீறினால் 2016-ஆம் ஆண்டின் இந்திய தர நிர்ணய அமைப்புச் சட்டப்படி முதல் முறை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது குறைந்தது 2 லட்சம் ரூபாய் அபராதம். நல்ல காரியம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதெல்லாம் கடை வாசலோடு முடிகிற காவல். எங்கள் புதுச்சேரியின் பழைய வீடுகளில் கூரையைத் தாங்கி நிற்கிற மரம் கடை வாசலைத் தாண்டி நூறு வருஷம் ஆகிவிட்டது.

வைசியாள் வீதிக்குப் போங்கள். கால்வே சுப்பராயச் செட்டி வீதி என்றால்தான் பெயர்ப்பலகையில் கண்டுபிடிக்க முடியும். மரபுக் கட்டிடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு ஆசியா அர்ப்ஸ் என்ற திட்டத்தில் இந்த வீதியின் முகப்புகளைப் பழையபடி சீர்செய்ததற்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருது கிடைத்தது. திண்ணை, தூண், தாழ்வாரம் எல்லாம் கண்ணுக்கு நிறைவு. முகப்பை யாரும் பார்க்கலாம். நான் பேச வந்தது உத்திரத்தின் நுனியில், சுவருக்குள் போய்விட்ட அந்த ஓரடியைப் பற்றி.

இந்த வீடுகளின் கூரை மெட்ராஸ் டெரஸ். கொத்தனார் வாயில் அது கட்டக்குத்து. சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரம், அதன் மேல் குறுக்கே சட்டங்கள், சட்டங்களின் மேல் மெல்லிய செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்தி நிறுத்தி, மூலையிலிருந்து சாய்வாக, சுண்ணாம்புச் சாந்தில் வரிசை வரிசையாகப் பிடித்துக்கொண்டே போவார்கள். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து நாள் கணக்கில் கட்டையால் அடிப்பார்கள். அதற்கும் மேல் தட்டோடு பதிப்பார்கள். ஒழுங்காகக் கவனித்துவந்தால் பேரன் காலத்துக்கும் நிற்கும்.

கவனிக்காவிட்டால் நோய் நடுவில் வருவதில்லை. மாடித் தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் விழும். மழைத் தண்ணீர் சுவர் வழியே இறங்கி உத்திரத்தின் நுனியைத் தேடி வரும். சுண்ணாம்புச் சுவராக இருந்தவரை அந்த ஈரம் வெயிலில் வெளியேறிவிட்டது. பின்னாளில் ஒரு மகராசன் வந்து சிமென்ட் பூசி, மேலே பிளாஸ்டிக் பெயின்ட்டும் அடித்துவிடுவார். ஈரம் உள்ளேயே தங்கும், நுனி மக்கும், மண்ணிலிருந்து சுவர் ஏறிவரும் கரையானுக்கு விருந்து காத்திருக்கும். விடுதியாக மாறிய வீடுகளில் மாடி அறைக்கு ஒரு குளியலறை என்று போடும்போது, வருஷத்துக்கு மூன்று மாத மழை என்பது பன்னிரண்டு மாத மழையாகிறது. கீழேயிருந்து பார்த்தால் உத்திரம் வார்னிஷ் மின்ன, வைரம் பாய்ந்த தேக்காகவே தெரியும்.

மரம் என்றாலே தீ பயம் வருகிறது பலருக்கு. தடித்த உத்திரம் எரியும்போது மேலே கரி படர்ந்துவிடுவதால் தீ நிமிஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட உள்ளே போகாது. இரும்பு விட்டம் 550 டிகிரி வாக்கில் பாதி பலத்தை இழந்து தொய்ந்துவிடும். தீயைவிட இந்த ஊரின் மரத்துக்குத் தண்ணீர்தான் பகை.

கடற்கரைச் சாலையில் 1870-71-இல் கட்டிய மேரி கட்டிடம், நம் பழைய நகராட்சி மன்றம், 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. பழுதென்று முன்பே காலி செய்திருந்ததால் உயிர் தப்பித்தோம். உலக வங்கிப் பணத்தில் அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021 பிப்ரவரி 25-இல் பிரதமர் திறந்துவைத்தார். ஊர் முழுக்கத் தெரிந்த, ஊருக்கே சொந்தமான கட்டிடத்தின் கதி இது. சந்துக்குள் நாலு பங்காளிக்குச் சொந்தமான வீட்டின் நுனியை யார் பார்ப்பார்கள்?

இத்தனைக்கும் 1819-லேயே இங்கே பிரெஞ்சு சிவில் சட்டம் வந்துவிட்டது. அதன் 1792-ஆம் பிரிவு, கட்டுமானக் குறையால் கட்டிடம் அழிந்தால் கட்டியவர் பத்து வருஷத்துக்குப் பொறுப்பு என்றது. 1386-ஆம் பிரிவு, பராமரிக்காமல் விட்டு இடிந்து யாருக்காவது கேடு வந்தால் வீட்டுக்காரரே பொறுப்பு என்றது. கணக்காகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் பொறுப்பு பிறப்பது விழுந்த பிறகு.

விழுமுன் சொல்லத் தெரிந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதற்கும் ஒரு விதிக் கதை உண்டு. காடு காக்க வேண்டும் என்று 1993-இல் மத்தியப் பொதுப்பணித் துறை தன் கட்டிடங்களில் மரத்தைத் தடை செய்தது. கூடலூர்க் காடு அழிவதைப் பார்த்து நிலம்பூர் கோவிலகத்து கோதவர்மன் திருமுல்பாடு போட்ட வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் நாடெங்கும் மத்திய அரசின் முன் அனுமதியில்லாமல் காட்டுக்குள் ஓடிய மரஅறுவை ஆலைகளை நிறுத்தச் சொன்னது. 2014-இல் பர்மா தன் மரத்தைக் கட்டையாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியது. பொதுப்பணித் துறையின் தடை 2020-இல்தான் நீங்கியது. 27 வருஷம்! ஒரு பொறியாளர் வேலையில் சேர்ந்து ஓய்வை நெருங்குகிற காலம். மரக் கட்டுமானத்துக்கு ஐஎஸ் 883, மருந்தேற்ற ஐஎஸ் 401 என்று தரநிலைகள் இருக்கத்தான் இருக்கின்றன. கம்பியும் கான்கிரீட்டும் படித்தவரை உத்திரத்தின் கீழே நிறுத்தினால், பாவம், அண்ணாந்து பார்த்துவிட்டு "இடிச்சிடலாம்" என்கிறார்.

என் சமையலறைக் கதவைச் சரிசெய்த அதே ஆசாரியை, நண்பர் ஒருவரின் பழைய வீட்டுக்குக் கூட்டிப்போனேன். மாடிக் கூடத்தின் கீழே பதினோரு உத்திரங்கள். ஏணி போட்டு, சின்னச் சுத்தியலால் நடுவிலிருந்து சுவரை நோக்கித் தட்டிக்கொண்டே போனார். கணீர், கணீர் என்று வந்த சத்தம் நாலாவது உத்திரத்தின் கடைசி முழத்தில் பூசணிக்காயைத் தட்டியது போல மாறியது. ஊசியைக் குத்தினார். வெண்ணெயில் போவது போலப் பிடிவரை போனது. நண்பர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

"பயப்படாதீங்க சார், நடு மரம் நல்லா இருக்குது. நுனியை மட்டும் வெட்டிட்டு ஒட்டுப் போட்டுக்கலாம்," என்றார். மூன்று உத்திரங்களில் சாக்கட்டியால் பெருக்கல் குறி போட்டார். அதுவரை முட்டுக் கொடுக்கச் சவுக்குக் கழி எத்தனை வேண்டும் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே ஏணியிலிருந்து இறங்கினார்.