ஒரே கன்செர்டோ, ஐந்து பியானோ

ரஷ்யாவில் பிறந்து லண்டனில் குடியேறிய நிகோலாய் மெட்னர், தன் மூன்றாவது பியானோ கன்செர்டோவை மைசூர் மகாராஜா ஜெயசாமராஜ உடையாருக்குச் சமர்ப்பணம் செய்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில் மெட்னருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. உடம்பும் சரியில்லை, அவர் இசையைக் கேட்க ஆளும் குறைந்துவிட்டது. அப்போதுதான் மைசூரிலிருந்து பணம் போனது. லண்டனில் மெட்னர் சொசைட்டி அமைந்தது. எச்.எம்.வி. கம்பெனி மெட்னரையே பியானோ முன் உட்கார வைத்து, மூன்று கன்செர்டோக்களையும் பல சிறு உருப்படிகளையும் பதிவு செய்தது. 1951இல் அவர் இறந்தார். ரெக்கார்டுகள் மிஞ்சின.

உடையார் காசு கொடுத்ததோடு நின்றவர் அல்ல. லண்டன் கில்ட்ஹால் இசைப் பள்ளியின் லைசென்ஷியேட் பட்டம் பெற்ற பியானோக்காரர். கர்நாடக இசையில் 94 கிருதிகள் இயற்றியவர். அவருடைய இசைத்தட்டு நூலகத்தில், நினைத்துப் பார்க்கக்கூடிய சாஸ்திரிய இசைப் பதிவெல்லாம் இருந்ததாக, 1949இல் மைசூருக்கு வந்த எச்.எம்.வி. தயாரிப்பாளர் வால்டர் லெக் எழுதியிருக்கிறார்.

நமக்கு அத்தனை வேண்டாம். பதிவுகளை ஒப்பிட்டுப் பழகவும், அந்தப் பழக்கத்திலிருந்தே ஒரு சேகரிப்பை வளர்க்கவும் ஐந்து பதிவுகள் போதும். பழைய மைசூர் சமஸ்தானத்துக்குள் இருந்த, பெங்களூரை அடுத்த சந்தாபுராவில், ஓசூர் சாலை லாரிச் சத்தத்துக்கு நடுவே ஒரு ஃபிளாட்டில் இருந்துகொண்டு இதைச் செய்யும் வழி இதோ.

1. உருப்படியைத் தேர்ந்தெடுங்கள்

முதலில் பியானோ கலைஞரைத் தேடாதீர்கள், உருப்படியைத் தேடுங்கள். பலரும் பீத்தோவனின் ‘மூன்லைட்’ சொனாட்டாவில் தொடங்குவார்கள். அதற்கு நூற்றுக்கணக்கில் பதிவுகள் இருப்பதால் பட்டியல் போடும்போதே அலுத்துவிடும். மெட்னரின் மூன்றாவது கன்செர்டோ புதியவருக்கு வசதியானது. பதிவுகள் குறைவு, இயற்றியவரே வாசித்த பதிவும் உண்டு. சுமார் 35 நிமிடம் ஓடும். மூன்று பகுதிகளும் நிறுத்தாமல் தொடர்ந்து வரும், நடுவில் உள்ள ‘இன்டர்லூடியம்’ மிகச் சிறியது.

2. ஐந்து பதிவுகளைத் திரட்டுங்கள்

முதலாவது 1947இல் மெட்னரே வாசித்தது. பில்ஹார்மோனியா ஆர்க்கெஸ்ட்ரா, நடத்துநர் இசாய் டோப்ரோவென். பிற்பாடு டெஸ்டமென்ட் லேபிள் இதைச் சிடியாக வெளியிட்டது. இரண்டாவது ஹைபீரியன் லேபிளில் நிகோலாய் டெமிடென்கோ வாசித்தது. மூன்றாவது சாண்டோஸ் லேபிளில் ஜெஃப்ரி டோசர், லண்டன் பில்ஹார்மோனிக்குடன். நான்காவது நாக்ஸாஸ் லேபிளில் கான்ஸ்டன்டின் ஷெர்பகோவ், மாஸ்கோ சிம்ஃபனியுடன். ஐந்தாவது பிஐஎஸ் லேபிளில் யெவ்கெனி சுட்பின், பெர்கன் பில்ஹார்மோனிக்குடன்.

எடுத்த எடுப்பில் எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். ஹைபீரியன் 2023 வரை ஸ்ட்ரீமிங் பக்கமே வராமல் இருந்த லேபிள், இப்போது அதுவும் வந்துவிட்டது. மெட்னரின் பதிவுக்கு இன்னொரு வசதியும் உண்டு. இந்தியச் சட்டப்படி, ஒலிப்பதிவு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளில் அதன் பதிப்புரிமை முடிகிறது. இசை அமைப்புக்கோ இயற்றியவர் இறந்து 60 ஆண்டுகள். எனவே மெட்னரின் இசைக்கும் அந்தப் பழைய தட்டுகளுக்கும் இங்கே உரிமைக் காலம் கடந்துவிட்டது.

3. எதைக் கேட்பது என்று தீர்மானியுங்கள்

ஒரே தோடி கீர்த்தனையை அரியக்குடி பாடியதையும் செம்மங்குடி பாடியதையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்ட குடும்பங்கள் நம்மிடம் நிறைய. அங்கே சங்கதிகள் மாறும், நிரவலும் கல்பனாஸ்வரமும் ஆளுக்கு ஆள் வேறாகும். கன்செர்டோவில் ஸ்வரம் முழுக்கத் தாளில் எழுதியிருக்கிறது, யாரும் கூட்டவோ குறைக்கவோ மாட்டார்கள். அப்படியானால் வித்தியாசம் எங்கே வரும்?

பியானோவில் கட்டையை அழுத்தினால் ஒரு சுத்தியல் கம்பியைத் தட்டிவிட்டு விலகும். தட்டிய பிறகு அந்த ஒலியின் குணத்தை விரலால் மாற்ற முடியாது, கமகத்துக்கு வழியே இல்லை. கலைஞர் கையில் உள்ளவை நான்கு: எவ்வளவு வலுவாகத் தட்டுவது, எப்போது தட்டுவது, எப்போது கையை எடுப்பது, பெடலை எவ்வளவு நேரம் அழுத்துவது. ஆகவே நோட்டில் நான்கு கேள்விகள் எழுதிக்கொள்ளுங்கள். காலப்பிரமாணம் எப்படி, நடுவில் எங்கே இழுக்கிறார்? ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரங்களில் எதை முன்னால் கொண்டுவருகிறார், இடக்கை தனியாகக் காதில் விழுகிறதா? பெடலால் ஒலி கலங்குகிறதா, தெளிந்திருக்கிறதா? ஆர்க்கெஸ்ட்ராவோடு சேரும் இடத்தில் யார் யாருக்கு வழிவிடுகிறார்கள்?

இதற்கு முன்பு நேரில் ஒரு நல்ல பியானோவை ஒரு தடவையாவது கேட்டுவிடுங்கள். அருணா சுந்தர்லால் 1987இல் தொடங்கிய பெங்களூர் ஸ்கூல் ஆஃப் மியூசிக் ஆர்.டி. நகரில் இருக்கிறது. சந்தாபுராவிலிருந்து ஊரின் மறுகோடி என்றாலும் போய்வருவது வீணாகாது. நேரில் கேட்காத காதுக்கு ஸ்பீக்கரின் குறை எது, வாசிப்பின் குறை எது என்று பிரித்துச் சொல்ல வராது.

4. நேரத்தையும் ஒலி அளவையும் சரிசெய்யுங்கள்

குக்கர் விசில், போர்வெல் மோட்டார், மாடியில் நாற்காலி இழுக்கும் சத்தம் எல்லாம் அடங்கிய பிறகே உட்காருங்கள். பியானோவின் மெல்லிய இடங்களை மின்விசிறியே மூடிவிடும். ஸ்பீக்கரில் கேட்க முடியாவிட்டால் காதை முழுக்க மூடும் ஹெட்போன் போதும். ஐந்து பதிவுக்கும் ஒரே ஹெட்போன்தான் என்பது முக்கியம்.

அடுத்தது ஒலி அளவு. ஒரே வாசிப்பைக் கொஞ்சம் கூடுதல் ஒலியில் போட்டால், “இது இன்னும் நன்றாக இருக்கிறது” என்று மனம் சொல்லும். ஒரு டெசிபல் வித்தியாசமே இந்த வேலையைச் செய்யும். கைப்பேசியில் ஒலி அளக்கும் செயலியைப் போட்டு, ஐந்து பதிவிலும் ஒரே இடத்தை ஓடவிட்டு, அளவு ஒன்றுபோல வரும்வரை திருகுங்கள். பதிவுக்குப் பதிவு திருகு எங்கே நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

5. பெயரை மறைத்துவிட்டுக் கேளுங்கள்

35 நிமிடத்தை ஐந்து முறை கேட்டால் கடைசியில் எதுவும் நினைவில் தங்காது. மூன்று துண்டுகளை மட்டும் எடுங்கள்: தொடக்கத்தின் இரண்டு நிமிடம், இன்டர்லூடியம் முழுவதும், முடிவின் இரண்டு நிமிடம். வீட்டில் ஒருவரை உட்கார வைத்து, வரிசையை அவர் இஷ்டப்படி மாற்றிப் போடச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிய வேண்டியது ‘அ, ஆ, இ, ஈ’ என்ற அடையாளம் மட்டுமே.

இது விளையாட்டல்ல. ஜாய்ஸ் ஹட்டோ என்ற ஆங்கிலேயப் பியானோ கலைஞர் பெயரில் நூற்றுக்கு மேற்பட்ட சிடிகள் வந்தன, விமர்சகர்கள் பாராட்டித் தள்ளினார்கள். 2007இல் ஒரு ரசிகர் அவருடைய லிஸ்ட் சிடியைக் கணினியில் போட்டபோது, திரையில் லாஸ்லோ சைமன் என்ற வேறொருவர் பெயர் வந்தது. தோண்டிப் பார்த்தால் அடுத்தவர்களின் பதிவுகளை எடுத்து, சிலவற்றின் வேகத்தை மாற்றி, ஹட்டோ பெயரில் விற்றிருக்கிறார்கள். அவருடைய கணவர் பிறகு ஒப்புக்கொண்டார். மூலப் பதிவைக் குறைசொன்ன ஒரு விமர்சகர், அதே பதிவு ஹட்டோ பெயரில் வந்தபோது புகழ்ந்து எழுதிய கதையும் நடந்தது. தேர்ந்த காதுகளையே பெயர் ஏமாற்றும்போது நமக்கு எச்சரிக்கை கூடுதலாக வேண்டும்.

மெட்னரின் 1947 பதிவை மட்டும் மறைக்க முடியாது. மோனோ ஒலியும் இரைச்சலும் உடனே காட்டிக்கொடுக்கும். அதை முதலில் தனியாகக் கேட்டுவிட்டு, மற்ற நான்கையும் மறைத்துக் கேளுங்கள்.

6. காலத்தைக் கணக்கில் எடுங்கள்

1947இல் எச்.எம்.வி. டேப்பில் பதிவு செய்யவில்லை, மெழுகுத் தட்டில் நேரடியாக வெட்டியது. 12 அங்குல 78 ஆர்.பி.எம். தட்டின் ஒரு பக்கத்தில் நான்கரை நிமிடத்துக்கு மேல் கொள்வது அரிது. எனவே சில நிமிடத்துக்கு ஒருமுறை வாசிப்பு நின்று, மறுபடி தொடங்கும். தவறு நேர்ந்தால் அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி வாசிக்க வேண்டும். பிந்தைய நான்கும் டிஜிட்டல் காலத்தவை, வேண்டிய இடத்தில் வெட்டி ஒட்டலாம். ஆகவே தவறிய ஸ்வரங்களை எண்ணி மெட்னருக்கு மார்க் போடுவது நியாயமல்ல. அவரிடம் கேட்க வேண்டியது வேறு: தான் எழுதியதில் எதை அவசரமாகக் கடக்கிறார், எதில் நிற்கிறார்?

சுருதியையும் சோதியுங்கள். பழைய தட்டிலிருந்து மாற்றும்போது சுழலும் வேகம் 3 சதவீதம் கூடினால், சுருதி சுமார் கால் ஸ்வரம் ஏறும், 35 நிமிட உருப்படியில் ஒரு நிமிடம் குறையும். “மெட்னர் வேகமாக வாசிக்கிறார்” என்று எழுதுவதற்கு முன், டியூனர் செயலியில் சுருதியை மற்ற பதிவுகளோடு ஒத்துப் பாருங்கள்.

7. தீர்ப்பை எழுதுங்கள்

துண்டுகளைக் கேட்டு முடித்ததும் பெயர்களைத் திறக்காமலே ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதுங்கள். ‘அருமை’, ‘உணர்ச்சிகரம்’ போன்ற சொற்களைத் தள்ளுங்கள். ‘இன்டர்லூடியத்தில் இடக்கை மூழ்குகிறது’, ‘முடிவில் வேகம் கூட்டியதில் ஆர்க்கெஸ்ட்ரா பின்தங்குகிறது’ என்ற மாதிரி, மறுபடி போட்டுச் சரிபார்க்கக்கூடிய வாக்கியங்களாக இருக்கட்டும். பிறகு பெயர்களைத் திறந்து, முன்னணியில் நின்ற இரண்டை மட்டும் முழுதாகக் கேளுங்கள். துண்டில் பளிச்சிடுவது முழுமையில் களைப்பூட்டலாம். கடைசித் தீர்ப்பை ஒரு வாரம் தள்ளிப்போடுவது நல்லது.

8. இனி வாங்குங்கள்

வென்ற பதிவு ஒன்று, அதற்கு நேர் எதிராக நிற்கும் பதிவு ஒன்று. ஓர் உருப்படிக்கு இவ்விரண்டும் போதும்.

மெட்னர் சிடிகளை வெளியிலிருந்துதான் தருவிக்க வேண்டும். பழைய தட்டுகளைத் தேட சிக்பேட்டை இருக்கிறது. 2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ வந்தபிறகு வழி சுலபம்: பொம்மசந்திராவில் ஏறி, ஆர்.வி. ரோடில் பச்சைத் தடத்துக்கு மாறி, சிக்பேட்டையில் இறங்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பி.வி.கே. ஐயங்கார் சாலைப் பக்கம் பழம்பொருள் சந்தை கூடும். சினிமாத் தட்டுகள்தான் அதிகம். அவற்றுக்கு நடுவே கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சான எச்.எம்.வி. தட்டோ, சோவியத் மெலோடியா தட்டோ அகப்பட்டால் அதிர்ஷ்டம். “அண்ணா, வெளிச்சத்துல ஒரு தடவை பார்த்துக்கிறேன்” என்று கேட்டு உறையிலிருந்து எடுங்கள்.

பார்க்க வேண்டியவை: நகத்தில் தட்டுப்படும் கீறல், கிண்ணம்போல் வளைவு, நடுத்துளையைச் சுற்றிக் கோடுகள். கோடு அதிகமானால் தட்டு நிறைய ஓடியிருக்கிறது என்று பொருள். நடுத்துளை மையம் விலகியிருந்தால் நீண்டு ஒலிக்கும் ஸ்வரம் அலையும். பாட்டுத் தட்டில் இது தெரியாமல் போகலாம், பியானோவில் உடனே தெரியும். பழைய சிடி என்றால் அச்சான இடத்தைப் பாருங்கள். இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரில் பிடிஓ ஆலை 1988 முதல் 1993 வரை அச்சிட்ட சிடிகளில் பல, ஓரத்திலிருந்து செம்பழுப்பாகிக் கெட்டன. ஹைபீரியன் சிடிகளும் அவற்றில் உண்டு.

9. சுத்தம் செய்து அடுக்குங்கள்

எல்.பி.யை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த மென்துணியால், பள்ளங்களின் போக்கிலேயே துடையுங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹால் கொஞ்சம் கலக்கலாம். 78 ஆர்.பி.எம். தட்டில் மட்டும் ஆல்கஹால் கூடவே கூடாது, அது அரக்கில் செய்தது, கரைந்துவிடும். ஊசியும் வேறு: 78 தட்டின் பள்ளம் அகலமானது, சுமார் மூன்று மடங்கு பெரிய ஊசி வேண்டும். அதே ஊசியை எல்.பி.யில் வைத்தால் தட்டு பாழ்.

தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காமல் நிறுத்தி வையுங்கள். உறையோடு ஓர் எல்.பி. கால் கிலோ வரும் என்பதால் அலமாரிப் பலகை தடிமனாக இருக்கட்டும். மேற்கு வெயில் படும் சுவரோரம் வேண்டாம். ஓசூர் சாலைத் தூசிக்குக் கதவுள்ள அலமாரிதான் தோது.

10. பதிவேடு வையுங்கள்

உருப்படி, கலைஞர், ஆர்க்கெஸ்ட்ரா, நடத்துநர், பதிவான ஆண்டு, வெளியான ஆண்டு, லேபிள் எண், விலை, உங்கள் இரண்டு வரித் தீர்ப்பு. பதிவான ஆண்டையும் வெளியான ஆண்டையும் தனித்தனியாக எழுதுவது அவசியம். சிடியின் பின்னால் உள்ள ஆண்டு பெரும்பாலும் வெளியீட்டு ஆண்டு. ஒரே பதிவு புது அட்டையில் திரும்பத் திரும்ப வரும், இரண்டு முறை வாங்கிவிடாமல் காப்பது இந்தப் பதிவேடுதான். தீர்ப்பு எழுத ஒன்றுமில்லாத ஆல்பம் அலமாரியில் இருக்க வேண்டியதில்லை, கேட்கிறவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

இதை முடித்தவர்கள் அடுத்ததாக மெட்னரின் ‘ரெமினிசென்ஸா’ சொனாட்டாவை எடுத்துக்கொள்ளலாம். ஒரே பகுதி, கால் மணி நேரம்தான், ஆர்க்கெஸ்ட்ரா இல்லை. எமில் கிலெல்ஸ் வாசித்ததையும் மார்க்-ஆந்த்ரே ஹமெலின் வாசித்ததையும் மேலே சொன்ன முறையில் வைத்துப் பாருங்கள். அதிலும் பெயர்களை மறைத்துவிட்டே தொடங்குங்கள்.