உள்ளாட்சிப் பராமரிப்பில் உள்ள குழந்தைகளுக்கான வாழிட ஏற்பாடு (இங்கிலாந்து)

பெற்றோருடன் வாழ முடியாத நிலையில் இருக்கும் குழந்தையை உள்ளாட்சி மன்றம் தன் பொறுப்பில் ஏற்று, அக்குழந்தை எங்கே, யாருடன், எவ்வளவு காலம் வாழ்வது என முடிவு செய்யும் பணியே வாழிட ஏற்பாடு ஆகும். இங்கிலாந்தில் இதற்கு அடிப்படையாக இருப்பது 1989 ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம். நடைமுறை விதிகள் 2010 இல் வகுக்கப்பட்டு, 2011 ஏப்ரல் முதல் செயலில் உள்ளன. 2024 மார்ச் 31 அன்று அங்கே 83,630 குழந்தைகள் உள்ளாட்சிகளின் பராமரிப்பில் இருந்தனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வளர்ப்புக் குடும்பங்களில் வாழ்ந்தனர். வளர்ப்பது தத்தெடுப்பது அன்று. வளர்ப்புப் பெற்றோர் குழந்தைக்குச் சட்டப்படி பெற்றோர் ஆவதில்லை.

பின்னணி

இன்றைய விதிகளில் பலவற்றுக்குப் பின்னால் ஒரு சிறுவனின் மரணம் இருக்கிறது. வேல்ஸின் நியூபோர்ட் நகர மன்றத்தின் பொறுப்பில் இருந்த டென்னிஸ் ஓநீல், 1944 இல் தன் தம்பியுடன் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் ஒரு பண்ணை வீட்டில் தங்க வைக்கப்பட்டான். அங்கே அவனுக்கு வயிறார உணவு கிடைக்கவில்லை, அடிதான் கிடைத்தது. 1945 ஜனவரியில் இறந்தபோது அவனுக்கு வயது 12. சர் வால்டர் மாங்க்டன் நடத்திய விசாரணை, சிறுவர்களை அனுப்பிய நகரத்துக்கும் அவர்கள் வாழ்ந்த மாவட்டத்துக்கும் இடையே கண்காணிப்பு நழுவிப் போனதை வெளிக்கொணர்ந்தது. அடுத்து மைரா கர்ட்டிஸ் குழுவின் 1946 ஆம் ஆண்டு அறிக்கையும், 1948 ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டமும் வந்தன. (அகதா கிறிஸ்டியின் ‘தி மவுஸ்டிராப்’ நாடகத்துக்கு விதையாக இருந்தது இந்தச் சம்பவமே.) ஒரு வீட்டைத் தேடிக் கொடுப்பதோடு கடமை முடிந்துவிடாது என்பதை அந்நாடு இவ்வளவு விலை கொடுத்தே கற்றுக்கொண்டது.

சட்டம் சொல்லும் வரிசை

குழந்தை பராமரிப்புக்குள் வரும் முக்கிய வழிகள் இரண்டு. ஒன்று, 20 ஆம் பிரிவின்படி பெற்றோரின் சம்மதத்துடன் வருவது. மற்றொன்று, குழந்தைக்குக் கடுமையான தீங்கு நேர்கிறது அல்லது நேரக்கூடும் எனக் கண்டு 31 ஆம் பிரிவின்படி நீதிமன்றம் ஆணையிடுவது. எந்த வழியில் வந்தாலும், குழந்தையின் விருப்பத்தையும் உணர்வையும் முடிந்தவரை கேட்டறிந்து, அதன் வயதுக்கும் புரிதலுக்கும் ஏற்ப மதிக்க வேண்டும். சமயம், இனம், பண்பாடு, மொழி ஆகியவற்றையும் கருத்தில் கொள்ள வேண்டும். இலண்டனின் ஹாரோ போன்ற தமிழர் மிகுந்த பகுதியில், வீட்டில் தமிழே பேசி வளர்ந்த குழந்தையை எங்கே சேர்ப்பது என்ற கேள்வி எழுந்தால், இந்த விதி வெறும் ஏட்டு வாசகமாக இருக்காது.

வாழிடத்தைத் தெரிவு செய்யும் முறையை 22சி பிரிவு கூறுகிறது. குழந்தையின் நலனுக்கு உகந்ததானால் பெற்றோரிடமே வாழ வழி உண்டா என்பதை முதலில் பார்க்க வேண்டும். இல்லையெனில் உறவினர், நண்பர், குழந்தைக்கு முன்பே அறிமுகமானவர் ஆகியோருக்கு முன்னுரிமை. அவசர வேளையில் பாட்டியையோ சித்தியையோ 16 வாரங்களுக்குத் தற்காலிக வளர்ப்புப் பெற்றோராக ஏற்று, முழு மதிப்பீட்டைப் பிறகு முடிக்கலாம். அதன்பின் மற்ற வளர்ப்புக் குடும்பங்களும் குழந்தைகள் இல்லங்களும் பார்க்கப்படும். தெரிவு செய்யும் இடம் வீட்டுக்கு அருகில் இருக்க வேண்டும். படிப்பைக் குலைக்கக் கூடாது. பராமரிப்பில் உள்ள உடன்பிறந்தோர் சேர்ந்து வாழ இடம் தர வேண்டும். மாற்றுத்திறனாளிக் குழந்தையின் தேவைக்குப் பொருந்த வேண்டும். இயன்றவரை அந்த உள்ளாட்சியின் எல்லைக்குள்ளேயே அமைய வேண்டும்.

ஆனால் அதே பிரிவு, ‘கிடைக்கக்கூடியவற்றுள் மிகப் பொருத்தமான’ ஏற்பாட்டையே கேட்கிறது. சிக்கல் முழுவதும் அந்த முதற்சொல்லில் இருக்கிறது. ஒரு வளர்ப்பு வீட்டில் பொதுவாக மூன்று குழந்தைகளுக்கு மேல் இருக்கக் கூடாது. உடன்பிறந்தோர் குழுவுக்கு இவ்வரம்பு இல்லை என்றாலும், நான்கு பேரை ஒருசேர ஏற்கும் வீடு எளிதில் கிடைப்பதில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஒரு குழந்தையை வெளியேற்ற வேண்டியிருந்தால், எந்த வீடு பொருந்தும் என்ற கேள்வி எந்த வீட்டில் கட்டில் காலியாக இருக்கிறது என்று சுருங்கிவிடுகிறது. அப்படிச் சேர்த்த இடம் நிலைக்காமல் போனால், குழந்தை மீண்டும் பையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு வீட்டுப் படியேற வேண்டும். இதனால்தான் போதுமான, பலவகையான இடங்களைத் தன் எல்லைக்குள் முன்கூட்டியே உருவாக்கி வைக்க முயல்வது உள்ளாட்சியின் கடமை என 22ஜி பிரிவு தனியே சொல்கிறது.

வாழிடத் திட்டம்

குழந்தையைச் சேர்க்கும் முன்பே எழுத்தில் ஒரு திட்டம் தயாராக வேண்டும். இயலாத நிலையில் 5 வேலை நாட்களுக்குள் முடிக்க வேண்டும். உடல்நலம், கல்வி, பெற்றோரைச் சந்திக்கும் முறை, சமூகப் பணியாளர் வரும் நாட்கள் முதலியன இதில் இடம்பெறும்.

சிறியதாகத் தோன்றினாலும் அன்றாடம் உறுத்துவது, யார் எதற்கு அனுமதி தரலாம் என்பது. பள்ளிச் சுற்றுலாப் படிவத்தில் யார் கையெழுத்திடுவது? முடி வெட்டலாமா? தோழியின் வீட்டில் ஓரிரவு தங்கலாமா? இவற்றை வளர்ப்புப் பெற்றோரே முடிவு செய்யலாம் எனத் திட்டத்தில் தெளிவாக எழுதாவிட்டால், ஒவ்வொன்றுக்கும் அலுவலகத்தின் பதிலுக்காகக் காத்திருக்க நேரும். வகுப்பே சுற்றுலாவுக்குக் கிளம்ப, ஒரு பிள்ளை மட்டும் நூலகத்தில் உட்கார்ந்திருக்கும். காரணம் கேட்கும் நண்பர்களிடம் அது என்ன சொல்லும்?

கல்வியைப் பொறுத்தவரை விதிகள் ஓரளவு உறுதியானவை. பராமரிப்பில் உள்ள ஒவ்வொரு மாணவருக்கும் தனிக் கல்வித் திட்டம் உண்டு. இடப்போட்டி உள்ள அரசு நிதிப் பள்ளிகளின் சேர்க்கையில் இவர்களுக்கே முதலிடம். 16 வயதுப் பொதுத்தேர்வுக்குப் படிக்கும் ஆண்டுகளில், நியமிக்கப்பட்ட உயர் அலுவலர் ஒப்பாமல் படிப்பைக் குலைக்கும் மாற்றம் செய்யக் கூடாது. உண்மையான அவசரநிலைக்கு மட்டும் விலக்கு உண்டு.

கண்காணிப்பு

சமூகப் பணியாளர் குழந்தையை முதல் வாரத்துக்குள்ளும், பின்னர் முதல் ஆண்டில் 6 வாரங்களுக்கு ஒருமுறையேனும் சென்று பார்க்க வேண்டும். முதல் மீளாய்வு 20 வேலை நாட்களுக்குள் நடக்க வேண்டும்; இரண்டாவது, அதிலிருந்து 3 மாதங்களுக்குள்; பிறகு 6 மாத இடைவெளிக்கு மிகாமல். அதை நடத்துபவர், அக்குழந்தையின் வழக்கை நிர்வகிக்கும் பொறுப்பில் இல்லாத தனி மீளாய்வு அலுவலர். குழந்தை கடைசிவரை எங்கே வளரும் என்பதற்கான நிலையான திட்டம் இரண்டாவது மீளாய்வில் மேசைக்கு வந்தாக வேண்டும்.

பதினாறு வயதுக்குப் பின்

வயதில் மூத்த பிள்ளைகளுக்கு இடம் கிடைப்பது மேலும் கடினம். கண்காணிப்புக்கு உட்படாத விடுதிகளில் 16 வயதுக்குக் குறைந்தோரைத் தங்க வைப்பது 2021 செப்டம்பரில் தடை செய்யப்பட்டது. 16, 17 வயதினருக்கான ஆதரவு விடுதிகளும் இப்போது ஆஃப்ஸ்டெட் ஆய்வமைப்பில் பதிவு செய்ய வேண்டும். வளர்ப்புக் குடும்பத்தில் வாழ்ந்த இளைஞர், இருதரப்பும் விரும்பினால், 21 வயதுவரை அங்கேயே தொடர்வதற்கு 2014 ஆம் ஆண்டின் சட்டம் வழி செய்தது. பதினெட்டாம் பிறந்தநாளோடு வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நிலை அவர்களுக்கு அதனால் தவிர்ந்தது.