அவர்கள் எழுதிய கணக்கு, நம்முடைய பொறுப்பு



தோட்டத்தில் பாடுபடுகிற நமக்கு வருமான வரியைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களில் சிலர் கேட்கலாம். சம்பளம் கைக்கு வந்தால் கடைக் கணக்குக்கும் பள்ளிக்கூடச் செலவுக்குமே சரியாய்ப் போய்விடுகிறது; அதில் வரிக்கு இடம் ஏது? நியாயமான கேள்விதான். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று வெளியே வேலைக்குப் போகிறார்கள். விடியுமுன் ஜொகூர் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்குப் போய், இருட்டிய பின் வீடு திரும்புகிறவர்கள் உண்டு. அங்கேயே அறை எடுத்துத் தங்கி வேலை செய்கிறவர்களும் உண்டு. பிள்ளையின் சம்பளம் வீட்டுச் சங்கதி என்றால், அந்தச் சம்பளத்துக்கு விழும் வரியும் வீட்டுச் சங்கதிதானே?

அப்படிப் போகிறவர்களுக்குச் சிங்கப்பூரில் ஒரு புதுமை காத்திருக்கிறது. அங்கே பெரும்பாலான சம்பளக்காரர்களின் வரிக் கணக்கை அரசாங்கமே முன்கூட்டி எழுதி வைத்துவிடுகிறது. பலர் படிவம் நிரப்பவே வேண்டியதில்லை. இது எப்படி நடக்கிறது, இதில் நன்மை என்ன, எந்த இடத்தில் நாம் கண் விழித்திருக்க வேண்டும் என்பதையே இன்று பேசப்போகிறோம்.

இதை விளங்கிக்கொள்ளத் தோட்டத்து நிறுவையே போதும். பாலைச் சுமந்து வந்து நிறுத்துகிறோம். தேயிலைத் தோட்டமானால் கொழுந்தை நிறுக்கிறார்கள். கிராணி பார்த்து எண்ணை எழுதிக்கொள்கிறார். மாத முடிவில் நமக்குக் கூலி தருவது அந்த எழுத்துதான். 18 கிலோவை அவர் 16 என்று எழுதிவிட்டால், அது வஞ்சகமாக இருக்க வேண்டியதில்லை, வெறும் கைப்பிசகாகவே இருக்கலாம். ஆனாலும் 2 கிலோ போனது போனதுதான். தராசைப் பார்த்துக்கொண்டு நின்று, அப்போதே வாய் திறந்தவருக்குத்தான் கணக்கு சரியாகும். முன்கூட்டி நிரப்பிய வரிப் படிவமும் இப்படிப்பட்ட ஒரு புத்தகமே. எழுதுகிறவர் வேறொருவர்; வரி கட்டுகிறவர் நாம்.

சிங்கப்பூரில் வருமான வரி 1948-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. நெடுங்காலம் எல்லாருக்கும் காகிதப் படிவம்தான். வாங்கிய சம்பளம், வட்டி, வாடகை, பெற்றோர், பிள்ளைகள் என்று ஒவ்வொன்றையும் கட்டம் கட்டமாக எழுதித் தர வேண்டும். 1992-இல் சிங்கப்பூர் உள்நாட்டு வருவாய் ஆணையம் அமைந்தது. 1998-இல் கணினி வழியே படிவம் அனுப்பும் வசதி வந்தது. 2007-இல் இன்னும் ஒரு படி போய், தேர்ந்தெடுத்த சிலருக்கு, "உங்கள் கணக்கு எங்களிடம் இருக்கிறது, நீங்கள் படிவம் அனுப்ப வேண்டாம்" என்று ஆணையம் சொல்லத் தொடங்கியது. படிவம் அனுப்பத் தேவையில்லாச் சேவை என்று இதற்குப் பெயர்.

ஆணையத்துக்குக் கணக்கு எங்கிருந்து கிடைக்கிறது? முதலாவது, முதலாளியிடமிருந்து. 5 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், ஒவ்வொருவருக்கும் சென்ற ஆண்டில் என்ன சம்பளம், என்ன படி, என்ன போனஸ் கொடுத்தோம் என்பதை மார்ச் 1-ஆம் தேதிக்குள் ஆணையத்துக்கு மின்வழியில் தெரிவித்தாக வேண்டும். இரண்டாவது, குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உள்ள மத்திய சேமநிதிக் கணக்கு. மூன்றாவது, நன்கொடை பெறும் அங்கீகாரமுள்ள அறநிலையங்கள். கொடுத்தவரின் அடையாள எண்ணோடு அவை தகவல் அனுப்புகின்றன. இவையெல்லாம் ஒரே பெயரின்கீழ் சேர்ந்து நிற்கும்போது, கணக்கு பாதிக்கு மேல் எழுதி முடிந்த மாதிரிதான்.

ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி என்று எண்ணிவிடக் கூடாது. லிட்டில் இந்தியாவை எடுத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் மூன்று பேர் ஒரே மேசையில் தேநீர் அருந்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பெரிய கட்டுமான நிறுவனத்தில் வேலை செய்பவர். அவருடைய சம்பளம் முழுவதும் முதலாளி மூலமாகவே ஆணையத்துக்குப் போய்விடும். இரண்டாமவர் வாடகைக் கார் ஓட்டுபவர். அவருடைய வசூலையும் வாடகைக் கார் நிறுவனம் தெரிவித்துவிடுகிறது. செலவுக்காக வசூலில் 60 விழுக்காட்டைக் கழித்துக்கொள்ளும் சுலப முறையும் அவருக்கு உண்டு. மூன்றாமவர் கேம்பல் சந்தில் பூமாலையோ மளிகையோ விற்கும் கடைக்காரர். அவருடைய கல்லாவில் விழுந்த பணம் வேறு யாருக்கும் தெரியாது. ஆகவே அவர் தாமே கணக்கு எழுதி, தாமே படிவம் அனுப்ப வேண்டும். ரசீதுகளை 5 ஆண்டு பத்திரப்படுத்தவும் வேண்டும். அதுபோலவே, சம்பளக்காரர் ஒருவர் தம் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்டிருந்தால், அந்த வாடகையை அவரேதான் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அங்கே கழிவுகள் போக மிஞ்சும் வருமானத்தில் முதல் 20,000 வெள்ளிக்கு வரி கிடையாது. அடுத்த 10,000 வெள்ளிக்கு 2 விழுக்காடு. அதற்கடுத்த 10,000 வெள்ளிக்கு மூன்றரை விழுக்காடு. அதற்கு மேல் 7 விழுக்காடு என்று ஏறிக்கொண்டே போகும். நம் பிள்ளை ஒருவர் ஆண்டில் 36,000 வெள்ளி சம்பாதித்தார். 55 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு உழைப்பு வருமானக் கழிவு 1,000 வெள்ளி. மீதி 35,000. வரி 200-உம் 175-உம் சேர்ந்து 375 வெள்ளி.

முதலாளி அலுவலகத்தில் யாரோ 36,000 என்பதை 42,000 என்று தட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது மீதி 41,000. வரி 620 வெள்ளி. ஓர் எண் மாறியதால் 245 வெள்ளி வீண். கணினி இதைப் பிழை என்று அறியாது. வந்ததை வந்தபடி கூட்டிக் கழித்துக் கொடுத்துவிடும்.

இனி கழிவைப் பாருங்கள். தகுதியுள்ள ஒரு பிள்ளைக்கு 4,000 வெள்ளி கழிவு உண்டு. தகப்பன் சிங்கப்பூரில் இருக்கிறார். பிள்ளை இங்கே தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படிக்கிறது. அந்தப் பிள்ளை இருப்பதை ஆணையத்துக்கு யார் போய்ச் சொல்வார்கள்? தகப்பன்தான் சொல்ல வேண்டும். சொன்னால், முன்னே பார்த்த 375 வெள்ளி 235-ஆகக் குறையும். சொல்லாவிட்டால் 140 வெள்ளி கூடுதலாகக் கட்டுவார். பெற்றோருக்கான கழிவோ வேறு மாதிரி. பெற்றோர் சிங்கப்பூரில் வாழ்ந்தால்தான் அது கிடைக்கும். தோட்டத்து வீட்டில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு மாதந்தோறும் பணம் அனுப்புகிறோம் என்பதற்காக அதைக் கேட்க முடியாது. தெரியாமல் கேட்டுவிட்டுப் பின்னால் விளக்கம் சொல்லி நிற்பதைவிட, முதலிலேயே அறிந்துகொள்வது நல்லது.

இன்னொன்று. இந்தக் கழிவுகள் எல்லாம், வரிக்கணக்கில் உள்ளூர்வாசி என்று கொள்ளப்படுகிறவர்களுக்கே. வெளிநாட்டவர் ஒருவர் ஓர் ஆண்டில் 183 நாளோ அதற்கு மேலோ அங்கே தங்கியோ வேலை செய்தோ இருந்தால், பொதுவாக அவர் உள்ளூர்வாசியாகக் கொள்ளப்படுவார். அதற்குக் குறைவானால், சம்பளத்துக்கு 15 விழுக்காடு அல்லது உள்ளூர்வாசி விகிதம், இதில் எது அதிகமோ அது. 60 நாளுக்கு மேற்படாத குறுகிய கால வேலைக்குப் பொதுவாக வரி இல்லை. ஆகவே எந்தத் தேதியில் வேலையில் சேர்ந்தோம், எந்தத் தேதியில் விட்டோம் என்பதைக் குறித்து வைப்பது முக்கியம்.

நேயர்களே, மௌனம் சம்மதம் என்று நம்மிடையே ஒரு சொல் உண்டு. வரிக் கணக்கில் அது அப்படியே சட்டமாகிவிடுகிறது. படிவம் அனுப்ப வேண்டாம் என்று அறிவிப்பு பெற்றவர், இணையத்தில் தம் கணக்கைத் திறந்து பார்த்து, பிழையோ விடுபட்டதோ இருந்தால் ஏப்ரல் 18-க்குள் திருத்தி அனுப்ப வேண்டும். அனுப்பாமல் இருந்தால், இருப்பது சரி என்று கொண்டு வரி மதிப்பீட்டு அறிவிப்பு வந்துவிடும். அதற்குப் பிறகும் வழி அடைபடவில்லை. அறிவிப்பின் தேதியிலிருந்து 30 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆனால் ஆட்சேபம் சொல்லியிருக்கிறோம் என்று வரியைக் கட்டாமல் இருக்கக் கூடாது. ஒரு மாதத்துக்குள் கட்டிவிட்டால், முடிவு நமக்குச் சாதகமானபோது அதிகப்படியைத் திருப்பித் தருவார்கள். மொத்தமாகக் கட்ட முடியாதவர், வங்கிக் கணக்கு வழியே 12 மாதத் தவணை வரை வட்டியில்லாமல் கட்டலாம்.

பிழை நமக்குச் சாதகமாக இருந்தால் பேசாமல் இருக்கலாமா? கூடாது. விடுபட்ட வருமானத்தைச் சொல்லும் பொறுப்பு வரி கட்டுகிறவருடையது. தகுந்த காரணமின்றித் தவறான கணக்குக் காட்டினால், குறைந்துபோன வரியைப்போல் இரு மடங்கு வரை தண்டம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

வேலையை விட்டு ஊர் திரும்பும்போது இன்னொரு நடைமுறை இருக்கிறது. வெளிநாட்டுத் தொழிலாளி வேலையை விடுவதற்கு ஒரு மாதம் முன்பே, முதலாளி ஐ.ஆர். 21 என்னும் படிவத்தை ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். வரி தீரும்வரை, கொடுக்க வேண்டிய பணத்தை நிறுத்தி வைக்கவும் வேண்டும். கடைசி மாதச் சம்பளம் தாமதமானால், "ஏமாற்றிவிட்டார்கள்" என்று வீட்டில் கலங்குவதற்கு முன்னால், இது வரித் தீர்வைக்காக நிறுத்தப்பட்டதா என்று முதலாளியிடம் கேட்டறிய வேண்டும். கணக்குத் தீர்ந்ததும் மீதி கைக்கு வர வேண்டும். அதையும் கேட்டு வாங்க வேண்டும்.

இந்த ஏற்பாடு சிங்கப்பூருக்கு மட்டும் உரியதன்று. டென்மார்க்கில் 1988 முதல் அரசாங்கமே கணக்கை நிரப்பித் தருகிறது. நார்வேயில் 2008 முதல், பதில் சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாகவே கொள்கிறார்கள். நியூசிலாந்து 2019 முதல் சம்பளக்காரர்களுக்குத் தானாகவே கணக்கு முடித்து, அதிகம் பிடித்ததைத் திருப்பிக் கொடுக்கிறது. பிரிட்டனில் 1944-லிருந்தே சம்பளத்தில் வரியைப் பிடித்துக்கொள்வதால், பெரும்பாலான தொழிலாளர்கள் படிவத்தைப் பார்ப்பதே இல்லை. இந்தியாவில் 2021-இல் ஆண்டுத் தகவல் அறிக்கை என்று ஒன்று வந்தது. சம்பளம், வங்கி வட்டி முதலியவற்றை அதில் பார்க்கலாம். தவறு இருந்தால் அங்கேயே தெரிவிக்கலாம்.

மலேசியாவில் 1995 முதல் மாதாந்தர வரிப் பிடித்தம் நடக்கிறது. 2014-ஆம் மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, ஆண்டு முழுதும் ஒரே முதலாளியிடம் வேலை செய்து, சரியாக வரி பிடிக்கப்பட்டவர், வேறு சில நிபந்தனைகளுக்கும் உட்பட்டு, படிவம் அனுப்பாமலே இருக்கலாம். ஆனால் கழிவுகளை முதலாளியிடம் முன்பே தெரிவிக்காதவருக்கு, படிவம் அனுப்பிக் கேட்பதே லாபமாக இருக்கக்கூடும். ஆகவே இங்கேயும், சொன்னவருக்கே கிடைக்கும் என்பதுதான் நிலை.

முடிவாக ஓர் எச்சரிக்கை. வரித் திருப்பம் வந்திருக்கிறது, இதைத் தொட்டு வங்கி எண்ணைக் கொடுங்கள் என்று வரும் செய்திகளை நம்பவே வேண்டாம். சிங்கப்பூர் அரசாங்க அலுவலகங்களின் குறுஞ்செய்திகள் 2024 முதல் பெரும்பாலும் கவ்.எஸ்ஜி என்ற ஒரே பெயரில் வருகின்றன. தொலைபேசியில் பணம் அனுப்பச் சொல்வதும், வங்கி ரகசிய எண்ணைக் கேட்பதும் அரசாங்க அதிகாரிகளின் வேலையன்று.

ஆகவே, வெளியே வேலைக்குப் போன பிள்ளை விடுமுறைக்கு வீடு வரும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள். 12 மாதச் சம்பளச் சீட்டுகளையும் பத்திரமாக வைத்திருக்கிறாயா? அவற்றின் கூட்டுத் தொகையும் வரிக் கணக்கில் உள்ள தொகையும் ஒத்துப்போகின்றனவா? உனக்குரிய கழிவுகள் எல்லாம் சேர்ந்திருக்கின்றனவா? உனக்கு உரியதல்லாத கழிவு ஏதாவது தவறிப் போய்ச் சேர்ந்திருக்கிறதா? இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். பால் நிறுவைக்கு முன்னால் நின்று எண்ணைக் கவனித்த தாய்க்கும் தந்தைக்கும் இந்தப் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அதையே பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.