கட்டத்தாளில் கண்ணிவெடிகள்

பத்தாம் வகுப்பில் முதல் உலகப்போர் பாடத்தின்போது, கட்டம் போட்ட நோட்டில் கப்பல்களை மறைத்து வைத்து ஆடும் விளையாட்டை நான் பயன்படுத்துவதுண்டு. இந்த ஆண்டு அதில் கண்ணிவெடிகளையும் சேர்த்தேன். கைப்பேசியில் கடற்போர் விளையாடிப் பழகிய மாணவன் ஒருவன், "கண்ணிவெடி அகற்றும் கப்பலை அனுப்பினால் ஒரே சுற்றில் பாதை கிடைச்சுடும் சார்" என்றான். நானும் தலையாட்டிவிட்டேன். டார்டனெல்ஸ் நீரிணையில் 1915இல் நடந்ததைப் படித்த பிறகுதான் அது தவறு என்று புரிந்தது.

அன்றைய கண்ணிவெடி எளிய பொருள்தான். கடலடியில் ஓர் எடை, அதிலிருந்து கம்பி வடம், அதன் நுனியில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மிதக்கும் வெடிகுண்டு. குண்டின் மேல் கொம்புகள் இருக்கும். கப்பல் மோதினால் கொம்புக்குள் உள்ள கண்ணாடிக் குழாய் உடையும்; அதிலுள்ள அமிலம் மின்கலத்தை இயக்க, குண்டு வெடிக்கும். (அறிவியல் ஆசிரியரையும் வகுப்புக்கு அழைத்துக்கொள்ளலாம்.) அகற்றுவதற்கு இரண்டு படகுகள் நடுவே ஒரு கம்பியை இழுத்துச் செல்லும். வடம் அறுந்தால் குண்டு மேலே மிதந்து வரும். அதைத் துப்பாக்கியால் சுடுவார்கள்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் டார்டனெல்ஸில் இந்த வேலைக்கு பிரிட்டன் அனுப்பியவை வட கடலின் மீன்பிடிப் படகுகள். அவற்றை ஓட்டியவர்களில் பெரும்பாலோர் மீனவர்கள். நீரோட்டம் எதிரே வந்ததால் படகுகள் ஊர்ந்துதான் செல்ல முடிந்தது. இரவில் தேடுவிளக்கு வெளிச்சம் மேலே விழும். கரையிலிருந்து பீரங்கிகள் சுடும். அந்தப் பீரங்கிகளை அடக்கப் போர்க்கப்பல்கள் அருகே வரவேண்டும். கண்ணிகள் அகன்றால்தான் அவை வர முடியும். கண்ணிகளை அகற்றவோ பீரங்கிகள் விடுவதில்லை. நம் கட்டத்தாளில் இல்லாதது இந்தச் சிக்கல்தான்.

மார்ச் 8 அதிகாலை, நுஸ்ரத் என்ற சிறிய துருக்கியக் கப்பல் 26 கண்ணிகளை இட்டது. மற்ற வரிசைகளைப் போல நீரிணைக்குக் குறுக்கே அல்ல. எரென்கோய் விரிகுடாவில் கரைக்கு இணையாக. எதிரிக் கப்பல்கள் வழக்கமாக அங்கேதான் திரும்புகின்றன என்பதைத் துருக்கியர் கவனித்திருந்தார்கள். மார்ச் 18 அன்று பிரெஞ்சுக் கப்பல் பூவே அங்கே திரும்பியது. சில நிமிடங்களில் 600க்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியது. இர்ரெசிஸ்டிபிள், ஓஷன் ஆகிய பிரிட்டிஷ் கப்பல்களும் அன்று இழக்கப்பட்டன. அந்தப் பகுதியில் கண்ணி இல்லை என்றே தாக்குதல் திட்டமிட்டவர்கள் நம்பியிருந்தார்கள். கப்பல்களால் மட்டும் நீரிணையைக் கடக்கும் முயற்சி அன்றோடு நின்றது. ஏப்ரல் 25இல் கலிப்பொலியில் படைகள் தரையிறக்கப்பட்டன.

கணினி விளையாட்டு 'பாதை சுத்தம்' என்று திரையில் சொல்லிவிடும். கடல் அப்படிச் சொல்லாது. ஒரு கப்பல் மோதாமல் போய்விட்டது என்பது, அந்தக் கப்பல் மோதவில்லை என்பதை மட்டுமே காட்டும்.

மறுவாரம் விதிகளை மாற்றினேன். நடுவர் வாய் திறக்கமாட்டார். வெடித்தால் மட்டுமே சொல்வார். அகற்றும் படகு ஒரு சுற்றுக்கு ஒரு கட்டம்தான் நகரும். அதற்குள் கரைக்காரர் இரண்டு முறை சுடலாம். மூன்று பாடவேளை ஆடியும் விளையாட்டு முடியவில்லை. படகுகளை வைத்திருந்த மாணவி நான்காவது சுற்றிலேயே அவற்றைத் திருப்பிக்கொண்டாள். ஏன் என்று கேட்டேன். "அதுல இருக்கிறவங்க மீன் பிடிக்கிறவங்கதானே சார்" என்றாள். ஒரே சுற்றில் பாதை கிடைக்கும் என்று சொன்னவன் அப்போது எதிரணியில், பீரங்கிப் பக்கம் உட்கார்ந்திருந்தான்.