செர்ரி மரமும் மாட்டு வண்டியும்

சிறுவர்களுக்கான சித்திர வாழ்க்கை வரலாறுகளைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். இரண்டு சிறுவர்களின் கதைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் சிறுவன் ஜார்ஜ் வாஷிங்டன். ஆறு வயதில் அவனுக்கு ஒரு கைக்கோடரி கிடைக்கிறது. அப்பாவின் செர்ரி மரத்தில் வெட்டிப் பார்க்கிறான். அப்பா விசாரித்ததும் பொய் சொல்லாமல் ஒப்புக்கொள்கிறான். அமெரிக்காவில் பிள்ளை வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த கதைதான். என் மகள் இதைப் படங்களோடு படித்துவிட்டு, "அப்பா, இது நிஜமா நடந்ததா?" என்று கேட்டாள்.

நடந்ததற்குச் சான்று இல்லை. வாஷிங்டன் 1799 டிசம்பரில் இறந்தார். அடுத்த ஆண்டே மேசன் வீம்ஸ் என்ற பாதிரியார் அவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். செர்ரி மரக் கதை அதில் இல்லை. 1806இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் சேர்ந்தது. பெயர் குறிப்பிடாத ஒரு மூதாட்டி சொன்னதாக எழுதினார். பொய் சொல்லக் கூடாது என்று கற்பிக்க ஒரு கட்டுக்கதை!

எழுத்தில் 'என்று சொல்வார்கள்' எனச் சேர்த்துத் தப்பித்துவிடலாம். படத்தில் அது எளிதல்ல. மரத்தையும் கோடரியையும் வரைந்துவிட்டால் குழந்தைக்கு அது நடந்த விஷயம்தான்.

ஆனால் ஓவியத்தாலும் 'இது கதை' என்று சொல்ல முடியும். கிராண்ட் வுட் 1939இல் இதே காட்சியை வரைந்தார். வீம்ஸ் திரையை விலக்கி நமக்குக் காட்சியைக் காட்டுகிறார். சிறுவனின் உடலில் ஒரு டாலர் நோட்டில் இருக்கும் முதிய முகம். தொலைவில் இரண்டு கறுப்பின அடிமைகள் செர்ரி பறிக்கிறார்கள். உண்மை பேசிய வீட்டின் கதையில் பலரும் விட்டுவிட்ட உண்மை அது.

இரண்டாவது சிறுவன் அம்பேத்கர். 1901இல் வேறு ஊரில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க, மற்றப் பிள்ளைகளோடு புத்தாடை உடுத்தி ரயிலில் போகிறார். மசூர் ஸ்டேஷனில் அழைத்துப்போக யாரும் வரவில்லை. அன்பாக விசாரித்த ஸ்டேஷன் மாஸ்டர், மகர் சாதி என்று கேட்டதும் பின்வாங்குகிறார். வண்டிக்காரர்கள் மறுக்கிறார்கள். கடைசியில் இரட்டைக் கூலி. வண்டியையும் பிள்ளைகளே ஓட்ட வேண்டும். கையில் சாப்பாடு இருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் பசியோடு தூங்கினார்கள். இதைச் சொன்னவர் அம்பேத்கரே. 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்ற தன்வரலாற்றுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

அதைப் படமாக்கிய நூல் 2011இல் வந்த 'பீமாயணா'. எழுதியவர்கள் ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும். வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற பர்தான் கோண்டு ஓவியர்கள். வழக்கமான காமிக்ஸ் கட்டங்களை அவர்கள் ஏற்கவில்லை. மனிதர்களைக் கட்டத்துக்குள் அடைத்தால் மூச்சு முட்டும் என்று கருதினார்கள். பேச்சுக் குமிழிகளைப் பாருங்கள்: மென்மையான சொற்களுக்குப் பறவை வடிவம், சாதி வெறிச் சொற்களுக்குத் தேள் கொடுக்கு, மனதுக்குள் நினைப்பதற்கு ஒரு கண். புகைப்படம் போல நம்மை நம்பவைக்க இந்தப் படங்கள் முயல்வதில்லை. சம்பவம் சாட்சியிடமிருந்து வந்தது, உருவம் எங்கள் கையிலிருந்து வந்தது என்பதை ஒவ்வொரு பக்கமும் காட்டிவிடுகிறது.

ஆகவே பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட புத்தகம் வாங்கும்போது நான் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறேன். இந்தக் காட்சியை யார் சொல்லி நமக்குத் தெரியும்? தெரியாத இடத்தை ஓவியர் எப்படி வரைந்திருக்கிறார்? பின்னிணைப்பில் ஆசிரியர் குறிப்பு இருந்தால் அதை முதலில் படிக்கிறேன்.

மகளோடு 'பீமாயணா'வைப் படித்தபோதும் அதே கேள்வி வந்தது. செர்ரி மரத்துக்கு "இல்லம்மா, கதைதான்" என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். இதற்கு "ஆமாம்மா, நடந்தது" என்று சொல்லத்தான் எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.